22-ம் நம்பர் கதவு

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஐ.டி. பிள்ளைகளை அதிகம் படுத்துவது எது? கஷ்டமான கோடிங் என்றுதான் பலரும் நினைப்பார்கள். பதினெட்டு வருடமாக இந்தத் துறையில் இருக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். கோடிங்கைத் தொடவே முடியாமல் உட்கார்ந்திருப்பதுதான்.

புது லேப்டாப், கழுத்தில் புது அடையாள அட்டை, பக்கத்து நாற்காலியில் பெயர் தெரியாத ஒருவர். "முதல்ல கோடை டவுன்லோடு பண்ணி ஒருதடவை ஓட்டிப் பாரும்மா" என்று டீம் லீட் சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடுவார். ஒரே ஒரு வரிக் கட்டளைதான். தட்டினால் திரையில் எதுவும் நடக்காது. ஓரிரு நிமிடம் கழித்து, 'இணைப்பு கிடைக்கவில்லை' என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். மறுபடி தட்டினால் மறுபடி அதே வரி.

போன வருடம் ஒரு ராத்திரி பத்து மணிக்கு எனக்கு வந்த போன் இதைப் பற்றித்தான். தருமபுரியில் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் அக்காவின் மகள் பேசினாள். அவள் அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவதால், அவளுக்கு நான் சித்தி. பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில், அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படித்த பெண். முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கி இன்ஜினீயரிங் முடித்தாள். பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, மூன்றாவது நாள் அது.

"சித்தி, மூணு நாளா கோடு இறங்கவே இல்ல. எல்லாரும் வேலை பண்றாங்க. நான் மட்டும் ஸ்க்ரீனைப் பார்த்துட்டு உக்காந்திருக்கேன்."

"யார்கிட்டயாவது கேட்டியா?"

"கேட்டா மக்குன்னு நினைச்சுட மாட்டாங்களா? ஆறு மாசம் ப்ரொபேஷன் சித்தி."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள். "பக்கத்துல ஒரு பையன் சொன்னான். போன் ஹாட்ஸ்பாட்ல லேப்டாப்பை இணைச்சு இறக்கிடு, யாருக்கும் தெரியாதுன்னு. நாளைக்கு அப்படியே பண்ணிடட்டுமா?"

அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதற்கு முன்னால், அங்கே நடப்பது என்ன என்று புரிந்துகொள்வோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்.

பத்துப் பேர் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதும்போது, யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை எழுதி வைக்கும் மென்பொருளின் பெயர் கிட். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கியது. அதற்கு முன்பு லினக்ஸ் குழுவினர் பயன்படுத்திவந்த மென்பொருளின் இலவச வசதி நிறுத்தப்பட்டதால், அவரே உட்கார்ந்து சில நாட்களில் முதல் வடிவத்தை எழுதிவிட்டார். அப்படி எழுதப்படும் கோடிங்கை எல்லோருக்கும் பொதுவான இடத்தில் வைத்துக்கொள்ள 2008-ல் வந்த இணையதளம் கிட்ஹப். 2018-ல் மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. இன்றைக்கு உலகம் முழுக்க கோடிங் எழுதுகிறவர்களுக்கு அது ஊர்ப் பொதுக் களஞ்சியம் மாதிரி.

களஞ்சியம் வெளியே இருக்கிறது. நம் பிள்ளை கம்பெனிக்குள் இருக்கிறாள். நடுவில் இருக்கும் மதில்தான் ஃபயர்வால்.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் எண் போட்ட கதவுகள் உண்டு. போர்ட் என்பார்கள். 65,535 வரை எண்கள் இருக்கின்றன. சாதாரண இணையப் பக்கத்துக்கு 80. பூட்டுப் படம் போட்ட பாதுகாப்பான பக்கத்துக்கு 443. இன்னொரு கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழைந்து வேலை செய்வதற்கு 22. கிட்ஹப்பில் இருந்து கோடிங் இறக்க 443 வழியாகவும் போகலாம், 22 வழியாகவும் போகலாம். கம்பெனி மதிலில் பெரும்பாலும் 443 மட்டும் திறந்திருக்கும். அதிலும் ஒரு காவலர் இருப்பார். பிராக்ஸி என்று பெயர். நாம் நேரே வெளியே போக முடியாது. அவரிடம் சீட்டுக் கொடுத்தால் அவர் போய் வாங்கி வருவார். 22 அநேக இடங்களில் இழுத்துச் சாத்தப்பட்டிருக்கும். அவள் மூன்று நாளாகத் தட்டிக்கொண்டிருந்தது அந்த 22-ஐத்தான்.

"ஹாட்ஸ்பாட் வேண்டாம்" என்றுதான் அவளிடம் முதலில் சொன்னேன்.

ஏன் வேண்டாம்? கம்பெனி லேப்டாப்பை நம் போன் வழியாக வெளியே இணைப்பது, மதிலுக்குப் பின்பக்கம் நாமே ஓட்டை போடுகிற வேலை. யாருக்கும் தெரியாது என்பதும் பல இடங்களில் பொய். லேப்டாப்பில் இருக்கும் கண்காணிப்பு மென்பொருள் எந்த இணைப்பில் போனாலும் குறித்து வைக்கும். ப்ரொபேஷனில் இருக்கிற பெண்ணுக்கு, 'விவரம் தெரியாதவள்' என்ற பெயரைவிட 'விதியை மீறியவள்' என்ற பெயர் ஆபத்தானது.

மதில் கட்டுகிறவர்களின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. 2022 அக்டோபரில் டொயோட்டா நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அவர்களின் டி-கனெக்ட் சேவைக்கான கோடிங்கின் ஒரு பகுதியை, அதை எழுதிக்கொடுத்த ஒப்பந்த நிறுவனம் 2017 டிசம்பரில் கிட்ஹப்பில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஏற்றியிருந்தது. அந்தக் கோடிங்குக்குள்ளேயே வாடிக்கையாளர் விவரங்கள் இருந்த சர்வரின் சாவியும் இருந்தது. கிட்டத்தட்ட ஐந்து வருடம் யாரும் கவனிக்கவில்லை. 2,96,019 பேரின் மின்னஞ்சல் முகவரிகள் வெளியே போயிருக்கலாம் என்று டொயோட்டா மன்னிப்புக் கேட்டது. திருடன் யாரும் மதில் ஏறிக் குதிக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் கொண்டுபோய் வெளியே வைத்ததுதான்.

"அப்ப என்னதான் பண்றது சித்தி?"

கேட்கத்தான் வேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 'கிட் வேலை செய்யலை' என்று எழுதினால், ஐ.டி. உதவிப் பிரிவில் இருப்பவருக்கு அது ஆஸ்பத்திரியில் போய் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்வது போல. எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து வலிக்கிறது என்று சொன்னால்தான் மருந்து கிடைக்கும்.

திரையில் வரும் அந்த எரர் வரியே பாதி பதில். அவளைப் படிக்கச் சொன்னேன். நம் பிள்ளைகள் பலரும் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் பயந்து மூடிவிடுகிறார்கள். அதைப் பொறுமையாகப் படித்தால், எந்த இடத்தில் வழி அடைபட்டிருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

ரொம்ப நேரம் காத்திருந்து 'டைம்டு அவுட்' என்று வந்தால், பெரும்பாலும் நீங்கள் அனுப்பியதை மதில் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது என்று பொருள். கதவைத் தட்டியும் உள்ளே இருந்து குரலே வராத மாதிரி. உடனே 'ரெஃப்யூஸ்டு' என்று வந்தால், யாரோ 'இங்கே அனுமதியில்லை' என்று வாய் திறந்து சொல்லியிருக்கிறார்கள். '407' என்ற எண் வந்தால் நடுவில் நிற்கும் பிராக்ஸி காவலர் உங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கிறார். 'பெர்மிஷன் டினைடு, பப்ளிக் கீ' என்று வந்தால் சந்தோஷப்படலாம். மதிலைத் தாண்டிக் களஞ்சியத்து வாசலுக்கே போய்விட்டீர்கள். உங்கள் சாவி மட்டும் அங்கே பதிவாகவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2021 ஆகஸ்ட் 13 முதல், கிட் கட்டளைகளுக்கு வெறும் பாஸ்வேர்டை கிட்ஹப் ஏற்பதில்லை. டோக்கன் என்ற தனி அனுமதிச் சீட்டு வேண்டும். பழைய பாடத்தைப் பார்த்து பாஸ்வேர்டு அடித்துவிட்டு, பாவம், ஃபயர்வாலைத் திட்டுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பலரையும் குழப்புவது 'சர்டிஃபிகேட் பிராப்ளம்' என்ற எரர். சில கம்பெனிகளில் காவலர் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, கம்பெனி முத்திரை குத்தி மறுபடி ஒட்டித்தான் உள்ளே தருவார். கம்பெனி லேப்டாப்பில் உள்ள பிரவுசருக்கு அந்த முத்திரை ஏற்கெனவே பழக்கம். அதனால் இணையப் பக்கங்கள் ஒழுங்காகத் திறக்கும். கிட் தனக்கென்று வேறு முத்திரைப் பட்டியல் வைத்திருந்தால், 'இது யார் முத்திரை? நான் நம்ப மாட்டேன்' என்று நின்றுவிடும். கிட் செய்வது சரிதான். கம்பெனியின் முத்திரைக் கோப்பைக் கேட்டு வாங்கி கிட்டிடம் காட்டினால் பிரச்னை தீர்ந்தது. இணையத்தில் தேடினால், முத்திரை பார்ப்பதையே நிறுத்திவிடும் ஒரு வரிக் கட்டளை முதலில் கண்ணில் படும். அதைப் போட்டால் வேலை நடக்கும். ஆனால் அதற்குப் பிறகு எந்தத் திருடன் முத்திரை குத்திக் கொடுத்தாலும் கிட் வாங்கிக்கொள்ளும்.

அன்றைக்கு ராத்திரி நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். ஆங்கிலத்தில்தான். நாலே வரி. நான் இந்த டீமில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், இந்த புராஜெக்டின் கோடிங்கை கிட்ஹப்பில் இருந்து இறக்க வேண்டும். 22-ம் போர்ட் வழியாக முயன்றால் டைம்டு அவுட் வருகிறது, படம் இணைத்திருக்கிறேன். 443 வழியாக பிராக்ஸி மூலம் போக அனுமதி உண்டா, உண்டென்றால் பிராக்ஸி முகவரியும் கம்பெனி சர்டிஃபிகேட்டும் கிடைக்குமா? இதற்கு கம்பெனியில் வேறு முறையான வழி இருந்தால் அதைச் சொல்லுங்கள்.

கடைசி வரிதான் முக்கியம் என்று அவளிடம் சொன்னேன். 443 வழியாகவே 22-ன் வேலையைச் செய்துகொள்ள கிட்ஹப்பே தனி முகவரி ஒன்று வைத்திருக்கிறது. ஆனால் வழி இருக்கிறது என்பதற்காக நாமாகப் போய்விடக் கூடாது. மதில் அவர்களுடையது. எந்தக் கதவு என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

எழுதி முடித்தும் அனுப்பத் தயங்கினாள். அப்போது இந்த 22 என்ற எண்ணின் கதையை அவளுக்குச் சொன்னேன்.

1995-ல் பின்லாந்து நாட்டில், ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரு திருட்டு. நெட்வொர்க்கில் போகும் பாஸ்வேர்டுகளை யாரோ ஒட்டுக்கேட்டுச் சுருட்டிவிட்டார்கள். அங்கே இருந்த டாட்டு யுலோனென் என்பவர், ஒட்டுக்கேட்டாலும் புரியாதபடி பேசும் முறை ஒன்றை எழுதினார். அதுதான் இன்றைக்கு உலகம் முழுக்கப் புழங்கும் எஸ்எஸ்ஹெச். அதற்கு ஒரு கதவு எண் வேண்டும். ஃபைல் அனுப்பும் பழைய முறைக்கு 21, டெல்நெட் என்ற பழைய முறைக்கு 23. இரண்டுக்கும் நடுவில் 22 சும்மா இருந்தது. உலக இணைய எண்களைப் பார்த்துக்கொள்ளும் அமைப்புக்கு, 'இதை எனக்குத் தருவீர்களா' என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். சிபாரிசு இல்லை, பெரிய கம்பெனி இல்லை. மறுநாளே பதில் வந்தது. எண் அவருடையதாகிவிட்டது. இதை அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

"கேட்டுத்தான் வாங்கினாரா?" என்றாள்.

"கேட்டுத்தான். என்ன வேணும், எதுக்கு வேணும்னு தெளிவா எழுதிக் கேட்டார்."

மறுநாள் காலையில் அனுப்பினாள். மதியத்துக்குள் பதில் வந்துவிட்டது. 22 திறக்க மாட்டோம், இதோ பிராக்ஸி முகவரி, இதோ சர்டிஃபிகேட், இப்படிச் செய்யுங்கள் என்று. சாயந்திரம் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். "இறங்கிடுச்சு சித்தி!" பின்னால் பெங்களூரு பஸ்ஸின் இரைச்சல்.

கம்பெனிகளுக்கும் இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. வாசலே வைக்காமல் மதில் மட்டும் கட்டினால், மக்கள் ஓட்டை போடத்தான் செய்வார்கள். புதிதாகச் சேர்கிறவருக்கு முதல் நாளே ஒரு பக்கக் குறிப்புக் கொடுத்தால் போதும். 'கோடிங் இறக்க இந்த வழி, சிக்கல் வந்தால் இவரைக் கேளுங்கள்' என்று. வெளிக் களஞ்சியம் வேண்டவே வேண்டாம் என்றால், தேவையானதைச் சரிபார்த்து உள்ளேயே ஒரு நகல் வைத்துவிடலாம். இந்த இரண்டும் இல்லாத இடத்தில்தான் பக்கத்து நாற்காலிப் பையன்களின் யோசனை வேலைக்கு வருகிறது.

மதிலைக் கட்டுவது கம்பெனி மட்டுமல்ல, சில சமயம் நாடே கட்டும். 2014 டிசம்பரில், பயங்கரவாதப் பிரசாரம் இருக்கிறது என்று சொல்லி 32 இணையதளங்களை முடக்க மத்திய அரசு உத்தரவிட்டது. அந்தப் பட்டியலில் விமியோ இருந்தது, இணைய ஆவணக் காப்பகம் இருந்தது, கிட்ஹப்பும் இருந்தது. நான் அப்போது பெங்களூரில் இருந்தேன். புத்தாண்டு நேரம். நெட் போய்விட்டது என்று முதலில் நினைத்தோம். சில பக்கங்களுக்காகத் தளம் முழுவதையும் மூடியதில், சம்பந்தமே இல்லாதவர்களின் வேலையும் நின்றது. அரசுடன் பேசி ஒத்துழைப்பதாகச் சொன்ன தளங்களுக்கு ஒவ்வொன்றாகத் தடை நீங்கியது.

அந்த நாட்களில் கிட்டின் ஒரு நல்ல குணத்தை நேரில் பார்த்தேன். களஞ்சியத்தில் இருந்து ஒருமுறை முழுதாக நகல் எடுத்துவிட்டால், கோடிங்கின் மொத்த வரலாறும் நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். வெளி உலகம் மூடினாலும் எழுதலாம், மாற்றலாம், பழையதைப் பார்க்கலாம். கதவு திறந்ததும் அனுப்பிக்கொள்ளலாம். நெட்டே இல்லாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமா? மொத்தத்தையும் ஒரே கோப்பாக மூட்டை கட்டித் தரவும் கிட்டில் ஒரு கட்டளை இருக்கிறது. பண்டில் என்று பெயர்.

மூட்டை என்றதும் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குக் கோட்டூர் மலை ஞாபகம் வரும். பென்னாகரம் பக்கத்தில், வண்டிப் பாதை இல்லாத அந்த மலைக் கிராமத்துக்குத் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மேல்தான் ஏறின. பேப்பரில் படம் பார்த்திருப்பீர்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் கூடவே அதிகாரிகள் நடந்தார்கள், போலீஸ் நடந்தது, பெட்டிக்குச் சீல் இருந்தது. வழி வினோதமானதுதான், ஆனால் திருட்டு வழி இல்லை. பென் டிரைவில் கோடிங் கொண்டுபோவதும் அப்படித்தான். அனுமதியோடு, இன்னார் எடுத்தார் என்ற பதிவோடு போனால் அது முறையான வேலை. சட்டைப் பையில் சத்தமில்லாமல் போனால் டொயோட்டா கதை.

அந்தப் பெண்ணுக்கு ப்ரொபேஷன் முடிந்து வேலை உறுதியாகிவிட்டது. அவள் எழுதிய அந்த நாலு வரியைக் கொஞ்சம் விரித்து, இப்போது அவள் டீமில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் குறிப்பாகக் கொடுக்கிறார்களாம். பால் ஊற்ற வரும்போது அவள் அம்மா சொன்னார். எதற்கான குறிப்பு என்று அவருக்குத் தெரியாது. "என்னமோ கதவு திறக்கிறதைப் பத்தி எழுதிக் குடுத்திருக்காளாம்" என்றார், சிரித்துக்கொண்டே.

பெற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் 'பெரியவங்க பேசும்போது குறுக்கே கேள்வி கேட்காதே' என்று சொல்லி வளர்க்கிறோம். அதே பிள்ளை வேலைக்குப் போய், தெரியாததை வாய்விட்டுக் கேட்கக் கூசி மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருக்கிறது. தினம் போனில் 'சாப்பிட்டியா, வேலை எப்படி இருக்கு' என்று கேட்கிறோம். 'நல்லா இருக்கு' என்றுதான் பதில் வரும். அந்த மூன்று நாளும் அவள் அம்மாவிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

ஃபயர்வால் என்றால் என்ன, போர்ட் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. சாப்பிட்டியா என்று கேட்ட பிறகு, இன்னும் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள்: "இன்னிக்கு யார்கிட்ட என்ன சந்தேகம் கேட்டே?"